அந்த ‘1’ ஏன் போகவில்லை?

சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா தன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். உறவுக்காரர்கள் எல்லோரும் புழங்கும் ஒரு செய்தி ஆப். அதன் மூலையில் சிவப்பு வட்டம்; வட்டத்துக்குள் 1.

“யாரோ என்னமோ அனுப்பியிருக்காங்கன்னு காட்டுதுடா. உள்ள போய்ப் பார்த்தா ஒண்ணுமே இல்ல. வெளிய வந்தா மறுபடி அந்த ஒண்ணு நிக்குது. காலைலேர்ந்து நாலு தடவை பார்த்துட்டேன்.”

“விடும்மா, ஆப்புல ஏதோ கோளாறு.”

“என்ன கோளாறு? ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதா அதுக்கு?”

நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். ஆனாலும் அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கருவி ஒரு செகண்டில் பல கோடிக் கணக்குகளைப் போட்டு முடிக்கும். அப்படிப்பட்டது ‘ஒன்று’ என்பதில் தடுமாறுகிறது என்றால், பழுது எண்ணும் திறமையில் இல்லை. எங்கே இருக்கிறது என்று தேடிப் போவோம்.

உங்களுக்கும் இது நேர்ந்திருக்கும். கூடையில் மூன்று பொருள் என்று மேலே காட்டும். திறந்தால் இரண்டுதான் இருக்கும். ரயிலில் இடம் இருக்கிறது என்று பட்டியல் சொல்லும். தொட்டுப் பார்த்தால் காத்திருப்போர் பட்டியலில் தள்ளும். ஒரே திரை இரண்டு வாயால் பேசுகிறது.

## ஒரே செய்தி, மூன்று இடங்கள்

அம்மாவின் எரிச்சலை உலகத்தில் பல கோடிப் பேர் ஒரு காலத்தில் பட்டார்கள். 2014-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் தங்கள் மாநாட்டு மேடையில் ஏறி இதே சிவப்பு எண்ணைப் பற்றிப் பேசினார்கள். அவர்களுடைய இணையப் பக்கத்தில் ஒரே உரையாடல் மூன்று இடங்களில் தலைகாட்டியது. மேல் பட்டையில் படிக்காத செய்திகளின் எண்ணிக்கை. கீழ் மூலையில் அரட்டைப் பெட்டி. செய்திகளுக்கென்று ஒரு தனிப் பக்கம். அரட்டைப் பெட்டியில் ஒருவர் செய்தியைப் படித்துவிட்டால் மேலே எண்ணிக்கை குறைய வேண்டும். தனிப் பக்கத்தில் படித்தாலும் குறைய வேண்டும். செய்தி வரும்போதே அரட்டைப் பெட்டி கண்முன் திறந்திருந்தால், எண்ணிக்கை ஏறவே கூடாது.

இவற்றை ஒவ்வொன்றாக எழுதினார்கள். எங்காவது ஒன்று தப்பியது. வட்டத்தில் 1 இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. திருத்தினார்கள், சரியானது. கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் வேறொரு வசதியைச் சேர்க்க, அதே 1 திரும்பி வந்தது. திருத்தினார்கள். மறுபடியும் வந்தது.

இது ஒருவரின் கவனக்குறைவு அல்ல. கைதேர்ந்தவர்கள் நூறு பேர் சேர்ந்து எழுதும் நிரலில், ‘இது மாறினால் அதையும் அதையும் மாற்ற வேண்டும்’ என்ற பட்டியல் யாருடைய தலையில் இருக்கும்? பழையவர் போய்விட்டால் பட்டியலும் போய்விடும். மனித ஞாபகத்தை நம்பிக் கட்டிய அமைப்பு அது. அப்படியானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: ஒரே சங்கதியை ஏன் மூன்று இடத்தில் எழுதி வைக்க வேண்டும்?

## அஞ்சறைப் பெட்டியும் கடைத்தெருவும்

தூரம்தான் காரணம்.

சென்னையிலிருந்து நியூயார்க் 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். வழியில் எங்கும் நிற்காமல் நேர்கோட்டில் ஓடினாலும், அங்கே இருக்கும் சர்வரிடம் ஒன்றைக் கேட்டுப் பதில் வாங்கிவர 130 மில்லி செகண்ட் ஆகும். ஒரு மில்லி செகண்ட் என்பது செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே தகவல் செல்போனின் நினைவகத்திலேயே இருந்தால் எடுக்க ஆகும் நேரம் செகண்டில் கோடியில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

இந்த எண்கள் கைக்கு அகப்படாதவை. அடுப்படிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகைக் கடுகு எடுக்க 1 செகண்ட் என்று வையுங்கள். அந்தக் கணக்கில், கடைக்குப் போய்க் கடுகு வாங்கித் திரும்ப 15 நாள் ஆகும். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது. யார் கடைக்குப் போவார்கள்? அதனால்தான் அடிக்கடி வேண்டியதை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கொஞ்சமாக எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

கணிப்பொறிக்கு இந்த யோசனை புதிதல்ல. கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணிப்பொறியைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ், 1965-இல் வேகமான ஒரு சிறு நினைவகத்தைப் பெரிய நினைவகத்துக்கு முன்னால் வைக்கலாம் என்று எழுதினார். அவர் அதற்கு ‘அடிமை நினைவகம்’ என்று பெயர் வைத்தார். 1968-இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 மாடல் 85 இயந்திரத்தில் இதைக் கொண்டுவந்தபோது, ஒளித்து வைப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ‘கேஷ்’ என்ற பெயர் நிலைத்தது. தமிழில் ‘கேஷ்’ என்று எழுதினால் பணமா, நினைவகமா என்று குழப்பம் வருகிறது. இந்த அத்தியாயத்தில் அதைக் கைவசச் சேமிப்பு என்று அழைக்கிறேன். எடுத்து வைப்பது நம் கையருகே. அதன் மூலப் பிரதி இருப்பது வேறெங்கோ.

அஞ்சறைப் பெட்டிக்கு இல்லாத ஒரு தொல்லை கைவசச் சேமிப்புக்கு உண்டு. கடையில் இருக்கும் கடுகு விலை மாறினாலும் உங்கள் பெட்டியில் இருக்கும் கடுகு கடுகுதான். தகவல் அப்படி அல்ல. மூலம் மாறிய நொடியில் நகல் பொய்யாகிவிடுகிறது, பார்க்க மட்டும் மெய் போலவே இருக்கும்.

## ஒரு மளிகைக் கூடை

ஓர் எளிய உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதோடு இருப்போம். மளிகை வாங்கும் ஆப். கூடையில் நல்லெண்ணெய் 300 ரூபாய், துவரம் பருப்பு 180 ரூபாய். பொருள் தொகை 480. கடையின் விதி: 500 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால் டெலிவரி இலவசம், குறைந்தால் 40 ரூபாய். ஆக மொத்தம் 520.

திரையில் இப்போது என்னென்ன தெரிகிறது என்று பாருங்கள். கூடைச் சின்னத்தின் மேல் 2. கீழே தொகை 480, டெலிவரி 40, மொத்தம் 520. அதற்கும் கீழே பச்சை எழுத்தில், ‘இன்னும் 20 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்.’

நீங்கள் 30 ரூபாய் மல்லித்தூள் பாக்கெட் ஒன்றைச் சேர்க்கிறீர்கள். எண்ணிக்கை 3 ஆகிறது. தொகை 510. டெலிவரி 0. மொத்தம் 510, வாங்கியது கூடியும் கட்ட வேண்டியது பத்து ரூபாய் குறைகிறது. பச்சை வரி மறைய வேண்டும். ஒரு தொடுதலுக்கு ஐந்து இடங்களில் மாற்றம்.

அனுபவம் இல்லாத நிரலாளர் என்ன செய்வார்? ‘சேர்’ பொத்தானுக்குக் கீழே ஐந்து கட்டளை எழுதுவார்: எண்ணிக்கையில் ஒன்று கூட்டு, தொகையில் 30 கூட்டு, இப்படி. ‘நீக்கு’ பொத்தானுக்கு ஐந்து. அளவைக் கூட்ட ஐந்து, குறைக்க ஐந்து. தள்ளுபடிக் கூப்பன் வந்தால் இன்னும் ஐந்து. இருபத்தைந்து கட்டளைகளில் ஒன்றை மறந்தால் போதும். எல்லாவற்றையும் நீக்கிய பிறகும் சின்னத்தின் மேல் 1 நிற்கும்.

இதில் ஜாவாஸ்கிரிப்டின் பங்கும் இருக்கிறது. பிரெண்டன் ஐக் 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த மொழி அது. இன்று உலகத்தின் இணையப் பக்கங்களில் மிகப் பெரும்பாலானவை அதைப் பயன்படுத்துகின்றன. அந்த மொழியில், ஏன் பெரும்பாலான மொழிகளில், ‘மொத்தம் = தொகை + டெலிவரி’ என்று எழுதினால் பள்ளிக்கூடத்தில் படித்த பொருள் அதற்குக் கிடையாது. பள்ளியில் சமக்குறி என்பது என்றைக்கும் நிலைக்கும் உறவு. இங்கே அது ஒரு முறை செய்துவிட்டு மறந்துவிடும் வேலை: ‘இந்த நொடியில் இரண்டையும் கூட்டி, வந்த விடையை மொத்தம் என்ற டப்பாவில் போடு.’ அடுத்த நொடி தொகை மாறினால் டப்பாவுக்குத் தெரியாது. 520 என்ற எண் மட்டும் மிஞ்சுகிறது. அது எப்படி வந்தது என்ற கதை தொலைந்துபோகிறது.

திரும்பவும் கூடையைப் பாருங்கள். ஐந்து எண்கள் தெரிந்தாலும் உண்மையில் நாம் சொன்ன தகவல் ஒன்றுதான்: எந்தப் பொருள், எத்தனை. அதை மூலத் தரவு என்போம். மற்ற ஐந்தும் அதன் வழியாகப் பிறந்தவை, வழித்தரவு. மூலத்தை எழுதி வைக்க வேண்டும். வழித்தரவுக்கு எண்ணை எழுதி வைக்கக் கூடாது, அது பிறக்கும் முறையைத்தான் எழுதி வைக்க வேண்டும். நான் இந்தத் தொழிலில் கற்றுக்கொண்டவற்றில் இதைவிடப் பயன்பட்டது வேறில்லை.

## கரும்பலகையில் கிடைத்த யோசனை

முறையை எழுதி வைத்தால் எண் தானாக வந்து உட்கார வேண்டும் என்ற ஆசை ஜாவாஸ்கிரிப்டைவிட மூத்தது. 1978-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், பேராசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டு ஒரு நிறுவனத்தின் கணக்கை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் எண் தவறு. அதை அழித்து எழுதினால் அதைச் சார்ந்த அடுத்த கட்டம் தவறு, அதற்கடுத்ததும் தவறு. வரிசையாக அழித்து எழுத வேண்டியிருந்தது. பலகை தானே திருத்திக்கொண்டால் எப்படி இருக்கும் என்று பிரிக்லின் நினைத்தார். நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன் நிரலை எழுத, 1979-இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்கு விசிகால்க் வந்தது. இன்று அலுவலகத்துக்கு அலுவலகம் திறந்திருக்கும் எக்செல் தாளுக்கு அதுதான் பாட்டி.

விசிகால்க்குக்கு ஒரு பலவீனம் இருந்தது. எந்தக் கட்டம் எதைச் சார்ந்தது என்று பார்த்து வரிசைப்படுத்தாமல், மேலிருந்து கீழாக, அல்லது இடமிருந்து வலமாகக் கட்டங்களைக் கணக்கிட்டுக்கொண்டே போகும். மேல் கட்டம் ஒன்று கீழ்க் கட்டத்தைச் சார்ந்திருந்தால், முதல் சுற்றில் பழைய விடையே நிற்கும். ஆச்சரியக்குறியைத் தட்டி மறுபடி ஒரு சுற்று ஓட்ட வேண்டும். எந்த வரிசையில் கணக்கிடுவது என்பது சாதாரணக் கேள்வி அல்ல என்பதற்கு அது ஆரம்ப கால எச்சரிக்கை. கொஞ்ச நேரத்தில் அதை நம் கூடையிலேயே சந்திப்போம்.

## பார்ப்பவர் யார் என்று குறித்துக்கொள்

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் தூண்டல், துலங்கல் என்று படித்திருப்பீர்கள். தொட்டாற்சிணுங்கியைத் தொடுவது தூண்டல். இலை மூடுவது துலங்கல். ஒன்று மாறினால் அதைச் சார்ந்தவை தாமாக மாறும்படி அமைத்த தரவைத் துலங்கல் தரவு என்று சொல்லலாம்.

ஆனால் ‘மொத்தம்’ எவற்றைச் சார்ந்தது என்று நிரலுக்கு யார் சொல்வது? நிரலாளரே பட்டியல் எழுதித் தர வேண்டும் என்றால் பழைய மறதி பின்கதவு வழியாக வந்துவிடும். இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அதில் பெரிய கணிதம் ஒன்றும் இல்லை. யார் எட்டிப் பார்த்தார்கள் என்று குறித்துக்கொள்வது, அவ்வளவுதான்.

கூடையில் அது நடப்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு சிலேட்டுப் பலகை இருக்கிறது. ‘மொத்தம்’ கணக்குப் போடத் தொடங்கும் முன் பலகையில் தன் பெயரை எழுதுகிறது: இப்போது வேலை செய்வது ‘மொத்தம்’. பிறகு அது தொகையைக் கேட்கிறது. தொகை தன் 480-ஐக் கொடுக்கும்போது பலகையைப் பார்த்து, ‘மொத்தம் என்னைப் பார்த்தது’ என்று தன் கணக்கில் குறித்துக்கொள்கிறது. அடுத்து டெலிவரியைக் கேட்கிறது. டெலிவரியும் அப்படியே குறித்துக்கொள்கிறது. கணக்கு முடிந்ததும் பலகை அழிக்கப்படுகிறது. இனிமேல் தொகை மாறினால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தொகைக்கே தெரியும். யாரும் பட்டியல் எழுதித் தரவில்லை. படித்ததே பதிவாகிவிட்டது.

இதன் அழகு இன்னொரு இடத்தில் தெரியும். ‘நானே கடைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்’ என்று வாடிக்கையாளர் மாற்றிவிட்டார் என்று வையுங்கள். அப்போது டெலிவரி கணக்கு தொகையைப் பார்ப்பதே இல்லை. நேராக 0 என்று சொல்லிவிடும். ஒவ்வொரு முறை கணக்குப் போடும்போதும் பழைய குறிப்பை அழித்துப் புதிதாக எழுதுவதால், இந்தத் தொடர்பு தானாக அறுந்துவிடுகிறது. இனி தொகை எத்தனை முறை மாறினாலும் டெலிவரியை எழுப்ப வேண்டியதில்லை.

ஜாவாஸ்கிரிப்டில் இந்த வழியைப் பலரிடம் கொண்டுசேர்த்தது ஸ்டீவ் சாண்டர்சன் 2010-இல் வெளியிட்ட நாக்அவுட் என்ற நிரலகம், அதாவது மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு. 2014-இல் எவான் யூ வெளியிட்ட வியூவும் இதே வழியில் வந்தது. வியூவின் இரண்டாம் பதிப்பு வரை, தரவின் ஒவ்வோர் அறை வாசலிலும் ஒரு காவலாளியை நிறுத்திப் போவோர் வருவோரைக் குறித்தார்கள். வீடு கட்டி முடித்த பிறகு புதிதாக ஓர் அறை எழுப்பினால் அதற்குக் காவலாளி இல்லை. அங்கே நடக்கும் மாற்றம் திரைக்குத் தெரியாமலே போகும். 2015-இல் மொழிக்குள் வந்த பிராக்சி என்ற வசதி, அறைக்கு அறை காவல் என்பதை மாற்றி மதில் சுவருக்கு ஒரே வாயில் வைக்க வழி தந்தது. 2020-இல் வந்த வியூ 3 அதற்கு மாறியது. பழைய பதிப்பில் இந்தக் காவலில்லாத அறையால் இரவு முழுவதும் விழித்திருந்தவர்கள் என் தலைமுறையில் நிறைய.

2013-இல் வெளிவந்த ரியாக்ட் என்ற நிரலகம் வேறு பாதையில் போனது. யார் எதைப் பார்த்தார்கள் என்று அது குறிப்பதில்லை. மூலம் மாறினால் அந்தப் பகுதியின் படத்தை முழுக்க மறுபடி மனதுக்குள் வரைந்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தை மட்டும் திரையில் திருத்தும். புரிந்துகொள்ள அது எளிது. ஆனால் குறித்துக்கொள்ளும் வழி மறையவில்லை. ‘சிக்னல்’ என்ற பெயரில் 2022-இல் பிரியாக்ட், 2023-இல் ஆங்குலர் என்று மற்ற நிரலகங்கள் ஒவ்வொன்றாக அதை எடுத்துக்கொண்டன. அதை ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே சேர்க்கலாம் என்ற முன்மொழிவு 2024-இல் தரக்குழுவின் முன் வைக்கப்பட்டது.

## கண் இமைக்கும் நேரத்து 550

மல்லித்தூளுக்குத் திரும்புவோம். தொகை 480-இலிருந்து 510 ஆகிறது. தொகையைப் பார்த்தவர்களில் இருவரை எடுத்துக்கொள்வோம்: டெலிவரி, மொத்தம். தொகை முதலில் மொத்தத்துக்குச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? மொத்தம் உடனே கணக்குப் போடும்: புதிய தொகை 510, டெலிவரியின் பழைய 40, கூட்டினால் 550. அதற்குப் பிறகுதான் டெலிவரிக்குச் செய்தி போய், அது 0 ஆகி, மொத்தத்தை மறுபடி எழுப்பி, 510 வரும்.

முடிவு சரிதானே என்று விட்டுவிட முடியாது. 550 என்ற தொகை எந்தக் காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை. பாதி புதியதும் பாதி பழையதும் கலந்து பிறந்த எண் அது. சாதாரணத் திரை செகண்டுக்கு 60 முறை வரைகிறது. அந்த 550 ஒரு முறை வரையப்பட்டால் கண்ணில் ஒரு துள்ளல் தெரியும். கட்டண விவரத்தைப் பதிவு செய்யும் நிரல் ஒன்று மொத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். 550 என்று பதிவேட்டில் ஏறிவிடும்.

தீர்வு, செய்தி சொல்வதையும் கணக்குப் போடுவதையும் பிரிப்பது. தொகை மாறியவுடன் எண்ணை அனுப்பாமல் ஒரு வார்த்தையை மட்டும் அனுப்பும்: ‘பழசாகிவிட்டாய்.’ டெலிவரி பழசு என்று குறி விழுகிறது, மொத்தமும் பழசு. யாரும் இன்னும் கணக்குப் போடவில்லை. பிறகு திரை வரையும் நேரம் வருகிறது. திரை மொத்தத்தைக் கேட்கிறது. மொத்தம், தான் பழசு என்று கண்டு, டெலிவரியைக் கேட்கிறது. டெலிவரி தானும் பழசு என்று கண்டு, புதிய தொகையைப் பார்த்து 0 என்கிறது. இப்போது மொத்தம் 510. ஒரே கணக்கு, சரியான வரிசை. குறி மேலிருந்து கீழே போகிறது, விடை கீழிருந்து கேட்டு வாங்கப்படுகிறது.

இதோடு இரண்டு லாபமும் கிடைக்கிறது. பொருள்களைப் பத்து முறை மளமளவென்று மாற்றினாலும் குறிதான் பத்து முறை விழும், கணக்கு ஒரு முறைதான். அடுத்ததாக 30 ரூபாய்க்கு இன்னொரு பாக்கெட் சேர்த்துத் தொகை 540 ஆனால், டெலிவரி பழசு என்று குறி விழும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதே 0. விடை மாறவில்லை என்பதால் டெலிவரியை மட்டும் நம்பியிருப்பவர்களை எழுப்ப வேண்டியதில்லை. இங்கே துலங்கலும் கைவசச் சேமிப்பும் ஒன்றாகிவிடுகின்றன: ‘மொத்தம்’ தன் கடைசி விடையைக் கையில் வைத்திருக்கிறது, எப்போது அது பொய்யாகும் என்பதும் அதற்குத் தெரியும். இதற்கு மேல் ஒரு நகலிடம் என்ன எதிர்பார்ப்பது?

## நம்முடையது அல்லாத தரவு

இதுவரை எல்லாம் ஒரே செல்போனுக்குள் நடந்தது. துவரம் பருப்பு 180 ரூபாய் என்றோமே, அந்த 180 யாருடையது? கடையுடையது. அது இருப்பது கடையின் சர்வரில். நம் போனில் இருப்பது காலை பத்து மணிக்கு எடுத்த ஒரு போட்டோ. பதினோரு மணிக்குக் கடைக்காரர் 190 என்று மாற்றினால் எந்தச் சிலேட்டுப் பலகையும் நமக்குச் சொல்லாது. சொல்ல வேண்டியவர் கண்ணாடி இழைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

இந்த வேறுபாட்டைக் காண எங்கள் துறைக்கு ஆண்டுகள் ஆயின. 2015-இல் ரெடக்ஸ் என்ற நிரலகம் பரவியபோது, ஆப்பின் எல்லாத் தரவையும் ஒரே கிடங்கில் வைத்தோம். அந்த ஒழுங்கு வந்தது பெரிய நிம்மதி. ஆனால் கூடையில் நாமே போட்ட பொருளும் சர்வரிடம் கடன் வாங்கிய விலையும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தன. முதலாவதற்கு நாம்தான் உரிமையாளர். இரண்டாவதற்கு வயது உண்டு. நிமிடத்துக்கு நிமிடம் அது கிழடாகிறது. இரண்டையும் ஒன்றாக நடத்தியது தவறு என்று இன்று உறுதியாகச் சொல்வேன். நானும் அப்படித்தான் எழுதினேன்.

கடன் வாங்கிய தரவைப் பேணும் முறை ஒன்று இணையத்தின் அடித்தளத்தில் ஏற்கெனவே இருந்தது. மார்க் நாட்டிங்ஹாம் எழுதி 2010-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5861 என்ற ஆவணம் அதை வகுத்தது: பழையதைக் கேட்டவருக்கு உடனே கொடுத்துவிடு, பின்னாலேயே புதியதை வாங்க ஆள் அனுப்பு. வீட்டுக்கு வந்தவரை வெறும் கையோடு உட்கார வைக்காமல் நேற்றைய பேப்பரைக் கொடுத்துவிட்டு, இன்றைய பேப்பர் வாங்கப் பையனை ஓட விடுவது போல. 2019 முதல் எஸ்.டபிள்யூ.ஆர்., ரியாக்ட் குவெரி போன்ற நிரலகங்கள் இதை ஆப்புகளுக்குள் கொண்டுவந்தன. வேறு வேலையாகப் போய்விட்டு ஒரு பக்கத்துக்குத் திரும்பும்போது, கண் எதிரிலேயே ஓர் எண் சட்டென்று மாறுவதைக் கவனித்திருக்கிறீர்களா? நீங்கள் திரும்பி வந்ததையே தூண்டலாக எடுத்துக்கொண்டு பின்னால் ஆள் ஓடியிருக்கிறான்.

எதற்கு நேற்றைய பேப்பர் போதும், எதற்குப் போதாது என்று நிரலகம் முடிவு செய்யாது. எழுதுபவர்தான் செய்ய வேண்டும். பருப்பின் படம் ஒரு வாரப் பழசானாலும் குறைவில்லை. விலை சில நிமிடப் பழசாக இருக்கலாம். ஆனால் ‘பணம் கட்டு’ பொத்தானைத் தொட்ட பிறகு கையில் இருக்கும் நகலை நம்பக் கூடாது. சர்வரிடமே கேட்டாக வேண்டும். ரயில் பட்டியலில் இடம் இருந்து, தொட்டவுடன் இல்லாமல் போகும் காரணம் இதுதான். பட்டியல் போட்டோ, டிக்கெட் பதிவதுதான் நேரில் பார்ப்பது. இரண்டுக்கும் நடுவே யாரோ அந்த இடத்தை வாங்கிவிட்டார்.

கைவசச் சேமிப்பில் ஒவ்வொரு நகலுக்கும் ஒரு சாவி வேண்டும், அதாவது எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்ற பெயர்ச்சீட்டு. ‘பருப்பு விலை’ என்று மட்டும் சீட்டு ஒட்டினால், மதுரைக் கிளையின் விலை திருச்சிக்காரருக்குப் போய்விடும். சீட்டில் கிளையும் இருக்க வேண்டும். நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த ஃபில் கார்ல்டன், கணினித் துறையில் கடினமானவை இரண்டே, நகல் எப்போது செல்லாதென்று அறிவிப்பதும் பெயர் வைப்பதும் என்று சொன்னதாக எங்கள் தொழிலில் அடிக்கடி நினைவுகூர்வார்கள். அந்த இரண்டும் சந்திக்கும் இடம் இந்தச் சாவிதான்.

தேடல் பெட்டியில் ‘கா’ என்று தட்டி, தொடர்ந்து ‘காபி’ என்று முடிக்கிறீர்கள். இரண்டு கேள்விகள் சர்வருக்குப் போகின்றன. ‘கா’வுக்கான பதில் தாமதமாக, ‘காபி’யின் பதிலுக்குப் பிறகு வந்து சேர்ந்தால்? பெட்டியில் காபி, பட்டியலில் காராமணியும் காளானும். பதிலோடு கேள்வியின் சீட்டும் ஒட்டியிருந்தால் இது நடக்காது. பெட்டியில் இருக்கும் சொல்லுக்கு உரிய பதில் மட்டுமே திரைக்கு வரும். பிந்தி வந்தது தன் அறையில் போய் உட்காரும்.

## பெட்டி நிரம்பினால்

அஞ்சறைப் பெட்டியில் ஆறாவது அறை இல்லை. நினைவகமும் அளவுள்ளது. எதைக் கழிப்பது என்பதற்கு ஐபிஎம்மில் இருந்த லாஸ்லோ பெலாடி 1966-இல் மிகச் சிறந்த விடையைக் கொடுத்தார்: இனி மிகத் தாமதமாகத் தேவைப்படப் போவதைக் கழித்துவிடு. எதிர்காலம் தெரிந்தால் இதை மிஞ்ச முடியாது. தெரியாத நாம் கடந்த காலத்தை வைத்து ஊகிக்கிறோம். வெகு நாளாகத் தொடாததை முதலில் கழிக்கிறோம். ஜாவாஸ்கிரிப்டின் ‘மேப்’ என்ற அமைப்பு, போட்ட வரிசையை நினைவில் வைத்திருக்கும். ஒன்றைப் பயன்படுத்தும்போதெல்லாம் அதை எடுத்துக் கடைசியில் மறுபடி போட்டால், முதலில் நிற்பது எப்போதும் வெகு நாள் தொடாததாகவே இருக்கும். வேறு ஏற்பாடே வேண்டாம்.

கழிக்க மறந்தால் ஆப் மெல்ல மெல்லக் கனத்து, பழைய போனில் திணறி நிற்கும். பெரும்பாலும் காரணம் தரவு அல்ல, குறிப்பு. திரையிலிருந்து ஒரு பகுதி போய்விட்ட பிறகும், ‘அது என்னைப் பார்த்தது’ என்ற பழைய குறிப்பு எங்கோ அழியாமல் இருக்கும். குறிப்பு இருக்கும் வரை அந்தப் பகுதியை நினைவகத்திலிருந்து துடைக்க முடியாது. விடைபெற்றுப் போகிறவர் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து அடிப்பதும் வேலையில் சேர்த்தி.

## பெரியம்மாவின் செய்தி

அன்று சாயங்காலம் பெரியம்மா மகன் போனில் பேசும்போது விஷயம் தெரிந்தது. பெரியம்மா காலையில் குடும்பக் குழுவில் எதையோ போட்டுவிட்டு உடனே அழித்திருக்கிறார்.

அதுதான் அந்த 1. செய்தி வந்ததும் ஒன்று கூட்டப்பட்டது. செய்தி அழிந்ததும் பட்டியலிலிருந்து அது போனது. ஆனால் எண்ணிக்கைக்கு யாரும் சொல்லவில்லை. ‘படிக்காத செய்திகளை எண்ணு’ என்று முறையை எழுதி வைத்திருந்தால், பட்டியல் காலியானதும் வட்டமும் மறைந்திருக்கும். யாரோ அந்த முறையை எழுதாமல் எண்ணை எழுதி வைத்துவிட்டார்கள்.

ஒரு தாளை எடுத்து அம்மாவுக்கு இதைச் சொன்னேன். இடது பக்கம் செய்திகளை வரிசையாக எழுதி, வலது பக்கம் ஒரு வட்டம் போட்டு உள்ளே 1 எழுதினேன். இடது பக்கத்தில் பெரியம்மாவின் வரியை அடித்தேன். வலது பக்கத்து 1 அப்படியே இருந்தது. அம்மா தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எண்ணத் தெரியாம இல்ல. எண்ணவே இல்ல அது.”

“ஆமாம்மா.”

“சரி, அக்கா அப்படி என்ன அனுப்பிட்டு அழிச்சாங்க?”